சிக்கிய தோட்டா

ஆலை வாசலில் கூட்டத்தைக் கலைக்க வானத்தை நோக்கி ஒரு முறை சுட்டதுமே காவலர் அருளானந்துவின் புதுத் துப்பாக்கி மக்கர் செய்தது. காலித் தோட்டா வெளியே தெறிக்காமல் குழலுக்குள்ளேயே இறுகிக்கொண்டது. அதன் முதுகில் அடுத்த தோட்டா வந்து முட்டி நின்றது.

"முன்னால நிக்கிற நீலச் சட்டைய பாத்துப் போடுய்யா!" என்று பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் கத்தினார்.

பயிற்சியில் இதே சிக்கலுக்காக எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியவன் அருளானந்து. இன்றைக்கும் மானம் போய்விடக் கூடாதென்று சாலையிலேயே மண்டியிட்டான். தோட்டாக்கள் அடைத்த மேகசினைக் கழற்றினான். முட்டி நின்ற தோட்டாவை விரலால் தட்டி எடுத்தான். துடைக்கும் கம்பியைக் குழலின் வாய் வழியாக விட்டுக் குத்தினான். வியர்வை கண்ணில் இறங்கியது. சுற்றி நடந்த எதுவும் காதில் விழவில்லை. கடைசியில் காலித் தோட்டா ணங்கென்று தார்மேல் விழுந்தது. மேகசினை மாட்டி, தோட்டா ஏற்றும் பிடியை இழுத்துப் பார்த்தான், வழுக்கிக்கொண்டு போனது.

"வந்துருச்சு சார்!" என்று சிரித்தபடி நிமிர்ந்தான்.

கூட்டம் எப்போதோ ஓடியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பருகே போனில் பேசிக்கொண்டிருந்தார். நீலச் சட்டைக்காரர் மட்டும் ஓடத் தோன்றாமல், இரண்டு கைகளையும் தூக்கியபடி எதிரே நின்றிருந்தார். அவன் அப்பா வயதிருக்கும். அவன் கம்பி விட்டுக் குத்தியதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

"சரியாயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

போங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அருளானந்து, முகத்திலிருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் குனிந்து, மாட்டிய மேகசினை மறுபடியும் கழற்றத் தொடங்கினான்.