எட்டாம் நம்பர் மிஷின்

"அந்தப் பக்கம் போவாதம்மா, கண்ணாடிச் சில்லு கெடக்குது!"

பலராமன் கத்தியும், கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்த பெண் நிற்கவில்லை. ஆரணி நெசவுக்காரர்களுக்குப் பட்டு நூல் முறுக்கேற்றிக் கொடுத்த மில் அது. மூடிப் பதினோரு வருஷம். அன்றைக்கு மேஸ்திரியாக இருந்த பலராமன், இன்றைக்கு அதற்கே வாட்ச்மேன். பக்கத்து ஷெட்டில் பவர்லூம் தடதடவென்று ஓடியது. இங்கே துருவேறிய மிஷின்களில் குளவி கூடு கட்டியிருந்தது.

"துரு புடிச்ச இரும்பப் போயி போட்டோ புடிக்கிறியே, உங்க ஊட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"ஊட்ல சொன்னதாலதாங்க வந்தேன்" என்று சிரித்தாள் அவள். "எட்டாம் நம்பர் மிஷின் எதுங்க?"

பலராமன் அவள் வழியை மறித்து நின்றார். "அது எதுக்கும்மா? முன்னால இருக்கறதப் புடிச்சிகினு ஜல்தியா கெளம்பு. ஓனர் வந்தா பேஜாராயிடும்."

"அதுலதான் ஒருத்தங்களுக்குக் கை போச்சாமே?"

சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. வாய் தானாகவே சொன்னது.

"சுபலட்சுமின்னு ஒரு பொம்பள. பெல்ட்டு வழுக்கினா மொதல்ல ஃபியூஸப் புடுங்கணும். புடுங்கினவங்க அதக் கையிலயே வச்சிகினுதான் பெல்ட்டத் தொடணும். அப்பதான் வேற யாரும் கரண்ட் வுட முடியாது. இந்த மில்லோட சட்டம் அது. அந்தம்மா புடுங்கல. வலது கை முட்டியோட போச்சு. போலீசு வந்து பாத்தப்பவும் ஃபியூஸு போர்டுலதான் இருந்துச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"நான்தாம்மா சாட்சி."

கேமரா அவர் பக்கம் திரும்பியது. சட்டென்று துண்டை இழுத்து முகத்தை மறைத்தார். "என்னைப் புடிக்காதம்மா. மிஷினப் புடி."

"ஏன் மேஸ்திரி, வெக்கமா?"

மேஸ்திரி! அப்படி அவரைக் கூப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.

"நீ... யாரு ஊட்டுப் பொண்ணு?"

"சுபலட்சுமி பொண்ணுங்க. காவ்யா."

பலராமன் கைக்குக் கிடைத்த இரும்பைப் பிடித்துக்கொண்டார். மூஞ்சியில் காறித் துப்பப் போகிறாள். துப்பட்டும். என்றைக்கோ துப்பியிருக்க வேண்டியது.

அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

"அம்மாதான் அனுப்பினாங்க. அந்த மிஷின போட்டோவுலயாவது ஒரு தடவ பாக்கணுமாம். ஃபியூஸப் புடுங்கின மாதிரிதான் அவங்களுக்கு ஞாபகம். ஆனா, 'மேஸ்திரி பொய் சொல்ற ஆளு இல்ல, நான்தான் மறந்திருப்பேன்'னு சொல்லிகினே இருப்பாங்க. 'என்னாலதானே மில்லு மூடி, முப்பது குடும்பம் தெருவுக்கு வந்துச்சு. அவர் கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுகினு வா'ன்னாங்க."

ஆசீர்வாதம் பண்ண அவருக்குக் கை எழவில்லை.

அன்றைக்கு வேலை அவசரத்தில், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்காமல் காலியாக இருந்த போர்டில் வேறொரு ஃபியூஸைச் சொருகியவர் அவர்தான். மயங்கிக் கிடந்த சுபலட்சுமியின் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவள் இறுக்கிப் பிடித்திருந்த ஃபியூஸை எடுத்து ஒளித்தவரும் அவர்தான்.