ஒட்டிக்கொண்ட பொத்தான்

பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகும் காற்று நிற்கவில்லை.

உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருந்தது. உடம்பைச் சுற்றிக் கட்டியிருந்த மிதவைச் சட்டை விலாவை நெருக்கிக்கொண்டு உப்பியது. கடலடியில் பாறையிடுக்கில் மாட்டிய நங்கூரத்தை எடுக்கக் குனிந்தவளை, யாரோ பின்கழுத்தைப் பிடித்துத் தூக்குவதுபோல மேலே இழுத்தது.

கடலில் மூழ்கி வேலை செய்கிறவர்களுக்குக் கீழே போவதில் பயமில்லை. நினைத்த இடத்தில் நிற்க முடியாமல் மேலே பிய்த்துக்கொண்டு போவதில்தான் பயம். போகப் போகச் சட்டைக்குள் இருக்கும் காற்று விரியும். விரிய விரிய வேகம் கூடும். அந்த வேகத்தில் மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும்.

மூச்சை ஊதி வெளியே விட்டுக்கொண்டே, சட்டைக்குக் காற்று கொண்டுவரும் குழாயைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள்.

கண் தெரியவில்லை. தலைமுடி அவிழ்ந்து முகக்கண்ணாடியை மூடியிருந்தது.

காலையில் எழுந்ததிலிருந்தே நாள் சரியில்லை. முடி கட்டும் ஊதா ரப்பர் பேண்டைக் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. "அதை நான் ஏன்டி எடுக்கப்போறேன்? உன் மகளைக் கேளு" என்று கணவன் டீ டம்ளரிலிருந்து முகத்தைத் தூக்காமலே சொன்னான். கடைசியில் ஒரு துண்டுச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கயிறு இப்போது போன இடம் தெரியவில்லை.

பாழாய்ப்போன பொத்தான். போன மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், இரண்டு சட்டையிலும் பொத்தான் உப்பேறிக் கரகரக்கிறது என்று. வாங்கியது ஒரே நாள், உழைப்பது ஒரே கடலில். நேற்று முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து இரண்டையும் பிரித்துக் கழுவிவிட்டதாகக் கணவன் சொன்னான். கை வலிக்கிறது என்று இவளிடம் தைலம்கூடத் தேய்த்துக்கொண்டான்.

படகில் அழுத்திப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. இறங்குமுன் ஒருவர் பொத்தானை மற்றவர் அழுத்திப் பார்ப்பது அவர்கள் தொழிலில் சாப்பிடுமுன் கை கழுவுவது மாதிரி. அவளுடையதை அவன் அழுத்திப் பார்த்துத் தோளில் தட்டிக்கொடுத்தான். இவள் கையை நீட்டினால், "என்னோடதை நானே பாத்துட்டேன், நீ வா!" என்று தொபுக்கடீரென்று குதித்துவிட்டான். கடலைக் கண்டால் போதும், இந்த மனுஷனுக்குத் தாலி கட்டப் போகிற அவசரம் என்று சிரித்துக்கொண்டேதான் இவளும் பின்னால் குதித்தாள்.

அவள் காலை ஒரு கை பற்றியது.

அவன்தான். அவள் காலைப் பிடித்து ஏறி வந்தான். என்ன ஆயிற்று என்று முகத்தைப் பார்க்கவில்லை, எங்கே கோளாறு என்று தேடவும் இல்லை. நேரே குழாயின் மூட்டுக்குக் கையைக் கொண்டுபோய் ஒரே இழுப்பில் கழற்றினான். இரைச்சல் நின்றது. தோளில் காற்றைத் திறந்துவிடும் வாரை இழுத்துவிட்டான். சட்டையிலிருந்த காற்று கொப்புளம் கொப்புளமாக வெளியேறியது.

அவள் கண்ணாடிக்குள்ளேயே அழுதாள். இவன் மட்டும் பக்கத்தில் இல்லையென்றால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும்? எத்தனை சண்டை போட்டிருக்கிறோம் இவனோடு. இனி ஒரு வார்த்தை கடிந்து பேசுவதில்லை என்று முடிவு செய்தாள்.

மேலே போகுமுன் கொஞ்ச நேரம் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். உடம்பில் ஏறிய வாயு அடங்க வேண்டுமே. இருவரும் எதிரெதிரே தொங்கினார்கள்.

அவன் சற்றுக் கீழே சரிந்தான். பொத்தானை அழுத்தவில்லை. கடித்திருந்த மூச்சுக்கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தன் சட்டையின் ஊதுகுழலில் வாயை வைத்து ஊதினான். கொஞ்சம் மேலே வந்து சமநிலையில் நின்றான். இனி நீயும் இப்படித்தான் வாயால் ஊத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறான் என நினைத்து அவள் தலையாட்டினாள்.

அப்போதுதான் பார்த்தாள். அவன் சட்டையிலும் காற்றுக்குழாய் மாட்டியிருக்கவில்லை.

இங்கே அவசரத்தில் கழற்றியதல்ல அது. இரண்டாக மடித்து, அக்குளுக்குக் கீழே அசையாதபடி பாந்தமாகக் கட்டியிருந்தது. கரையில் உட்கார்ந்து நிதானமாகக் கட்டிய கட்டு.

பொத்தான் ஏமாற்றியதைப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு அறிவா இருக்கிறது? தன்னுடையதைக் கழற்றியவனுக்கு இவளுடையதையும் கழற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கழற்றியிருந்தால், எதையும் பிரிக்கவில்லை, கழுவவில்லை என்று ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பதில் இவள் செத்தால் அவனுக்குப் பரவாயில்லை.

அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினான். எல்லாம் சரிதானே என்று கேட்கிறான். அதே வட்டத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூடக் காட்டாமல் இருந்ததில்லை.

கையை நீட்டினாள். அவன் அக்குளுக்குக் கீழே இருந்த கட்டை உருவினாள்.

ஊதா நிற ரப்பர் பேண்ட். அவளுடைய முடி இரண்டு இழை இன்னும் அதில் சுற்றியிருந்தது.

கட்டவிழ்ந்த குழாய் இருவருக்கும் நடுவில் வந்து ஆடியது. அவள் முடியை ஒதுக்கி, அந்தப் பேண்டைப் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அவன் குழாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சேர்த்து வைத்திருந்த விரல்களைப் பிரித்தான்.