கல் ஏன் கீழே விழுந்தது?

சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் ஓடிய படத்தில் ஒருத்தன் கல்லைத் தூக்கி மேலே எறிந்தான். அது அப்படியே திரும்பிக் கீழே விழுந்தது. "எந்துகு?" என்று இன்ஸ்பெக்டர் ரங்கையா தெலுங்கில் காரணம் கேட்டதும் தாட்சாயணி டீச்சர் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆந்திரா தனி மாகாணமாகி மூன்று வருஷம். சித்தூரிலிருந்து ஜீப்பில் சினிமா மெஷினும் அதை ஓட்ட ஜெனரேட்டருமாக வந்திருக்கும் இந்த மனுஷர் எழுதுவதைப் பொறுத்துத்தான் நகரிப் பக்கத்து இந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு நிற்கும், அல்லது போகும். மக்குப் பிள்ளைகள் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

படமும் கேள்வியும் தெலுங்கில் என்று கடிதம் வந்த நாள் முதல், சோறு தண்ணீர் பார்க்காமல் பிள்ளைகளைத் தெலுங்கில் உருப்போட வைத்திருந்தாள்.

சிட்டிபாபு எழுந்தான். பூமியின் ஆகர்ஷண சக்தியைத் தெலுங்கில் மளமளவென்று ஒப்பித்தான். ரங்கையா நோட்டில் டிக் அடித்தார்.

கோணி கட்டிய ஜன்னலோரம், தறியை நிறுத்திவிட்டு வந்திருந்த சிட்டிபாபுவின் நைனா கோவர்த்தனன் நின்றான். "ஊட்ல வாயே தொறக்க மாட்டான் டீச்சரம்மா. இங்க பிச்சி ஒதர்றான்."

"செத்த சும்மா இருண்ணா. இன்னும் கரண்டு படம் பாக்கி."

அடுத்து வேட்டியில் ஒரு பல்பு எரிந்தது. எப்படி எரிகிறது என்று ரங்கையா கேட்டார். கரண்டையே பார்த்திராத ஊர். செல்லியம்மா எழுந்து, கம்பிக்குள்ளே மண்ணெண்ணெய் ஓடிப்போய் பல்பில் எரிகிறது என்று தடுமாறாத தெலுங்கில் சொன்னாள்.

தாட்சாயணி கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு.

"பாகுந்தி" என்று மெச்சினார் ரங்கையா. அதற்கும் ஒரு டிக்.

கடைசியில் நோட்டை மூடினார். "முப்பது பேரு. முப்பதும் பாஸ்."

"பாத்தியா டீச்சரம்மா, இன்னா பயம் பயந்துக்கினு கெடந்த" என்று கோவர்த்தனன் சிரித்தான். தாட்சாயணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் மனசு உறுத்தியது.

"சார், கம்பியில மண்ணெண்ணெய் ஓடுதுன்னு சொல்லிச்சே, அந்தப் பொண்ணு. அது தப்பாச்சே. அதுக்கும் பாஸ் போட்டீங்களே?"

ரங்கையா நோட்டைப் பையில் வைத்து வாரை இறுக்கினார். குரலில் கோபமே இல்லை.

"தெலுங்கு இவ்ளோ நல்லா வர்ற பசங்களுக்குத் தமிழ் வகுப்பு எதுக்கும்மா?"