தண்ணி மருந்து

ஈரச் சாக்கைக் கடை மேஜைமேல் கவிழ்த்தான் கசிமிரோ. உள்ளேயிருந்து மாட்டு ஈரல் ஒன்று சொத்தென்று விழுந்தது.

"நல்லாப் பாரு நேலிடா! நேத்து செத்த என் மாட்டோட ஈரல்!"

வெட்டின இடத்தில் தட்டைப் புழுக்கள், சின்னச் சின்ன இலைகள் மாதிரி அப்பிக்கிடந்தன.

கஹமார்க்கா மலைப்பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கால்நடை மருந்துக் கடையில் நிற்க இடமில்லை. அத்தனை பேரும் தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

உப்பு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒவிதியோ, மூட்டையைக் கீழே போட்டுவிட்டு மனைவி நேலிடாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"மூணு வாரம் முன்னாடி ரெண்டு மாட்டுக்குப் புழு மருந்து வாங்கிட்டுப் போனேன்," என்று கசிமிரோ கத்தினான். "நீ சொன்ன அளவு ஒரு சொட்டு குறையாம ஊத்தினேன். ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு தாடை வீங்கிப்போய் வெளியில நிக்குது. இந்தா, நீ குடுத்த புட்டி. மருந்தா இது?"

ஒவிதியோ புட்டியைப் பிடுங்கி உள்ளங்கையில் கவிழ்த்தான். கூழ் மாதிரி இறங்க வேண்டியது, அரிசி கழுவின தண்ணியாக ஓடியது.

"இது எங்க சரக்கே இல்ல! சீல் உடைக்காத பெட்டியிலேர்ந்து நானே எடுத்து இவகிட்ட குடுத்தேன்!"

"அப்போ நானே தண்ணி ஊத்தி என் மாட்டைக் கொன்னுக்கிட்டேனா? வாயில்லா ஜீவன் வயித்துல அடிச்சுத்தான் நீங்க சாப்பிடணுமா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெரியவர் வாங்கின பொட்டலத்தைத் திரும்ப மேஜையில் வைத்தார். "எனக்கு இது வேண்டாம்மா. எதிர்க் கடையில பார்த்துக்கறேன்."

ஒவிதியோவுக்கு ரத்தம் கொதித்தது. "இருங்க! அதே பெட்டியில இன்னும் நாலு புட்டி இருக்கு. இங்கேயே திறந்து காட்டறேன்..."

"வேண்டாங்க." நேலிடா அவன் கையைப் பிடித்தாள். "தப்பு நம்மளோடதுதான். அந்தப் புட்டியைப் பார்க்காம குடுத்துட்டேன். மன்னிச்சுக்க கசிமிரோ."



"கேட்டீங்களா எல்லாரும்? அவ வாயாலயே சொல்லிட்டா!" கசிமிரோவின் விரல் அவள் மூக்குக்கு நேரே ஆடியது. "திருடி! ஊர்க்காவல் கூட்டத்துல உன்னை நிறுத்தறேன்!"

"வர்றேன். அங்கேயும் இதையேதான் சொல்வேன். சாயங்காலம் வேற மருந்தோட வந்து, மிச்சமிருக்கற மாட்டுக்கு நானே ஊத்தறேன். காசு வேண்டாம்."

"ஊத்தித்தான் பாரேன். இதுவும் செத்துது, இந்தக் கடை இருக்காது!"

வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனான். வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் மனைவி சோய்லா, குனிந்த தலை நிமிராமல் மாட்டை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

ஒவ்வொருவராக நழுவினார்கள். கொஞ்ச நேரத்தில் கடை காலி.

ஒவிதியோ மேஜையை ஓங்கிக் குத்தினான்.

"பைத்தியமா உனக்கு? பதினோரு வருஷம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சம்பாதிச்ச பேரு. ஒரே வார்த்தையில குப்பையில போட்டுட்ட! இனி எவன் இந்தப் படி ஏறுவான்?"

நேலிடா ஈரலைச் சாக்கில் தள்ளி, ரத்தத்தைத் துடைத்தாள்.

"வாயைத் திறந்து பேசு! அந்தப் புட்டியில தண்ணி எப்படி வந்துச்சு?"

"சோய்லா ஊத்தினது."

"எவ? அவன் பொண்டாட்டியா?"

"ஆமா. அவளுக்கு ஒரு தங்கச்சி, புருஷன் விட்டுட்டுப் போனவ. அவகிட்ட இருக்கறது ஒரே மாடு. அதுக்கும் ஈரல் புழு. இவன்கிட்ட கேட்டா ஒரு சொட்டு தர மாட்டான். சோய்லா பாதி மருந்தைத் தங்கச்சிக்கு ஊத்திக் குடுத்துட்டு, புட்டியில தண்ணியை ரொப்பி வச்சிருக்கா. பாதி மருந்துல புழு சாகாதுன்னு அவளுக்குத் தெரியல. காலையில நீங்க லாரியில சரக்கு இறக்கிட்டு இருந்தப்போ ஓடி வந்து, என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதா."

"அதனால? அவ செஞ்ச தப்புக்கு நீ திருடிப் பட்டம் வாங்குவியா? இப்பவே போறேன். சந்தை நடுவுல வச்சு அவன்கிட்ட சொல்லிட்டு வர்றேன்!"

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு விரைந்தவனை அவள் கத்தி நிறுத்தவில்லை. சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"என்னைன்னா கத்திட்டுப் போயிடுவான். போன வருஷம் சோய்லாவுக்குக் கை ஒடிஞ்சுதே... மாடு உதைச்சுதுன்னு நீங்களும் நம்பிட்டீங்களா?"