வேலையை விட்ட தேதி

பழைய ஆலையின் மேனேஜர் அறையில் மெக்கானிக் ஏழாவது முறையாக நாற்காலியிலிருந்து எழுந்தார்.

மணி நாலு. ஐந்துக்குள் அனுபவச் சான்றிதழோடு போய் நிற்காவிட்டால் புதுக் கம்பெனி வேலை வேறொருவருக்கு. மச்சான் யார் யார் காலையோ பிடித்து வாங்கிக் கொடுத்த வேலை. பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, மனைவிதான். எடுத்தால் என்ன சொல்வது?

வேலையை விட்டதிலிருந்து ஏழு மாதமாக இதே நடைதான். முதலில் மேனேஜர் லீவு, பிறகு சீல் போடுகிறவர் லீவு. இன்றைக்குத்தான் மேனேஜர் அகப்பட்டார். அவரும் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டார்.

“உங்க பேர்ல இங்க யாரும் வேலை பார்த்த மாதிரி ரெக்கார்டே இல்லையே.”

ஒன்பது வருஷம்! ஆலையின் நூற்றுப் பன்னிரண்டு தீயணைப்பு சிலிண்டர்களும் அவர் பொறுப்பு. மாதம் ஒரு தரம் ஒவ்வொன்றையும் இறக்கி, பிரஷர் மீட்டரின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, அதன் கழுத்தில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டவர். அப்பேர்ப்பட்ட மனிதரைக் கம்ப்யூட்டர் பார்த்ததே இல்லையாம்.

கத்துவதா, கெஞ்சுவதா என்று தெரியாமல் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கதவோரம் ஒரு சிலிண்டர் மாட்டியிருந்தது. கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் அட்டையைத் திருப்பியது.

மேலிருந்து கீழ்வரை அவர் கையெழுத்து. வால் நீண்ட, கோணல்மாணலான அதே கையெழுத்து.

‘இதோ ரெக்கார்டு’ என்று கூவ வாயைத் திறந்தவர், தேதிகளைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

போன மாதத் தேதிக்கு எதிரிலும் அவர் கையெழுத்து இருந்தது. அதற்கு முந்தைய மாதத்துக்கும் இருந்தது. அவர் வேலையை விட்ட பிறகு வந்த ஏழு மாதமும், ஒன்றுகூட விடாமல் யாரோ அதையே போட்டு வைத்திருந்தார்கள்.

முள்ளோ சிவப்பில் கிடந்தது, உள்ளே பிரஷரே இல்லை.

நாளைக்கு இங்கே ஒரு தீப்பொறி விழுந்தால், போலீஸ் தேடி வருவது இந்தக் கையெழுத்தைத்தான்.

சிலிண்டரை இறக்கி மேசைமேல் வைத்தார். மேனேஜர் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு லெட்டர்ஹெட் வைத்திருந்த டிராயரை இழுத்தார்.

“ஒன்பது வருஷம்னு போடுறீங்களோ இல்லையோ, நான் வேலைய விட்டு நின்ன தேதிய மட்டும் சரியாப் போட்டுடுங்க சார்.”