நாலு மணிக்கு வாங்க

“ரிப்போர்ட் இன்னும் வரலைங்க. நாலு மணிக்கு வாங்க.”

“காலையில பத்து மணிக்குன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“சொன்னேன். இப்போ இல்லைங்கிறேன்.”

பரிசோதனைக்கூடத்து மேசைப் பெண் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தையற்காரர் மேசையை விட்டு நகரவில்லை. தொண்டையிலிருந்து சதையெடுத்துச் சோதித்த முடிவு அது. மனைவி பயந்துவிடுவாள் என்று, ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லி, விடியற்காலை ரயிலேறித் தனியே வந்திருந்தார்.

“இங்கேயே ஓரமா உட்கார்ந்திருக்கேனே?”

“சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா சீக்கிரம் வந்துடுமா? வாய்க்கால் பாலத்துப் பக்கம் போயிட்டு வாங்க.”

‘ஈவிரக்கமில்லாத ஜென்மம்!’ மனத்துக்குள் வைதபடியே வெளியேறினார்.

கால் போன போக்கில் நடந்தார். எச்சில் விழுங்கும்போதெல்லாம் அச்சமும் கூடவே இறங்கியது. பாலத்தருகே மணி ஒலித்தது. படகுக்கு வழிவிட்டுப் பாலம் இரண்டாகப் பிளந்து மேலெழுந்தது. சாலையே நின்றுவிட்டது, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

“எவ்வளவு நேரமாகும்?” என்று, பக்கத்தில் சைக்கிளோடு நின்ற தபால்காரரைக் கேட்டார்.

“அது படகோட்டி மனசு, அண்ணே. எங்க ஊரு மூச்சு விடுறதே இப்பத்தான். நீங்களும் கொஞ்சம் விடுங்க!”

படகோட்டி கையசைத்தார். இரு கரையும் பதிலுக்குக் கையசைத்தது. தம் கையும் உயர்ந்திருப்பதைக் கண்டு தையற்காரர் திகைத்தார். அடுத்த படகுக்கும் நின்றார், அதற்கடுத்ததற்கும் நின்றார். பொய்க்குச் சொன்ன ஊர், மெய்யாகவே அழகாயிருந்தது. மனைவியையும் அழைத்து வந்திருக்கலாம்.

நான்கு மணி நெருங்க, விட்டுப்போன அச்சம் வட்டியோடு திரும்பியது. கடவுளை வேண்டியபடியே படியேறினார்.

“வந்துடுச்சாம்மா?”

“எட்டரை மணிக்கே வந்துடுச்சு.”

தையற்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்புறம் எதுக்கு ஒரு மனுஷனை நாள் முழுக்க அலைய விட்டீங்க? உங்களுக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?”

அவள் பேனா முனையால் அவருக்குப் பின்னாலிருந்த பெஞ்சைக் காட்டினாள்.

பயணக் களைப்போடு, பிரிக்காத உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி.

“அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. ரிப்போர்ட் ரெடின்னு வீட்டுக்கு போன் பண்ணிச்சு. ‘அவர் தனியா பிரிச்சுப் பார்த்துடக் கூடாது, அடுத்த ரயில்ல வந்துடறேன், அதுவரைக்கும் எப்படியாவது சமாளிச்சுக்கோம்மா’ன்னு நான்தான் கெஞ்சினேன். வாங்க, இப்படிப் பக்கத்துல உட்காருங்க, சேர்ந்தே பிரிக்கலாம்.”