எதிலும் ஏழு

மூன்று நாள் விடுப்பு முடிந்து வந்த குடிநீர் நிலையத்துக் கெமிஸ்ட் அக்கா, தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் முனையைக் கையில் எடுக்கிறாள். உப்புக் கரைசலில் ஊறியே இருக்க வேண்டிய அந்தக் கண்ணாடிக் குமிழ், பஞ்சுக்குள் சருகாய்க் காய்ந்து கிடக்கிறது. "நான்தான் துடைச்சு வச்சேன்க்கா. பாவம், எப்பப் பாத்தாலும் ஈரத்துலயே கிடக்குதேன்னு," என்று சிரிக்கிறாள் உதவியாளர். அக்கா கடவுளை நினைத்துக்கொண்டு, நாலு காட்ட வேண்டிய கரைசலில் முனையை நனைக்கிறாள். திரையில் ஏழு. பத்து காட்ட வேண்டியதிலும் அதே ஏழு, அசையாமல். சன்னல் வெயில் பதிவேட்டின் மேல் விழுகிறது. மூன்று நாளும் வரிசையாக ஏழு, மணிமணியான கையெழுத்தில். சுவருக்கு அப்பால் ஊருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பு முனகிக்கொண்டே இருக்கிறது. "ஏழுன்னா நல்ல தண்ணிதானேக்கா?" "இது செத்துப்போச்சும்மா. எதுல வச்சாலும் ஏழுன்னுதான் சொல்லும்." உதவியாளரின் முகம் வெளிறுகிறது. திட்ட வாயெடுத்த அக்கா, அதைப் பார்த்ததும் அவள் தோளைத் தொடுகிறாள். "நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்ச. ஓடு, மொதல்ல பம்பை நிறுத்தச் சொல்லு." அவள் நகரவில்லை. "காலையில பாப்பா வயிறு வலிக்குதுன்னாக்கா," என்கிறாள். "தண்ணி நெறையக் குடிடீன்னு சொல்லிட்டு வந்தேன்."